அரியலூர் ரோட்டைப் பார்க்கும் ஜெர்மன் ஜாடி

1

எங்கள் ஊர் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரமாகப் பழஞ்சந்தை கூடும். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வீட்டில் வேண்டாததை விற்றுவிட்டு, அடுத்தவர் வீட்டில் வேண்டாததை வாங்கிக்கொண்டு போகும் இடம். நானும் தவறாமல் போவேன். எதையும் வாங்குவதில்லை. கடைக்காரர்கள் நகராட்சி கொடுத்த அனுமதிச் சீட்டைக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். வேலைக்காலம் முழுவதும் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியின் சுங்கப் பிரிவில் இருந்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு அமைவது கடினம்.

இன்று காலை ஒரு மேசையின் மூலையில் அந்த முகத்தைப் பார்த்தேன். தாடி வைத்த பச்சை முகம். அரியலூர் ரோட்டோரம், என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் இருக்க வேண்டியவர் இங்கே எப்படி வந்தார்? குனிந்து பார்த்தேன். கைப்பிடியில் ஒட்டு இல்லை. கரியால் வரைந்த மீசையும் இல்லை. இது வேறு ஜாடி. ஆனால் அதே அச்சு.

முழங்கை நீளம் உயரம். வயிற்றில் புடைத்து நிற்கும் தாடி முகம், சுற்றிலும் ஓக் இலைகள். நம் ஊறுகாய் ஜாடியின் பளபளப்பு, ஆனால் பச்சையும் தேன் நிறமும் கலந்து. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தழும்பு. இரண்டு பாதியாக அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டியதன் அடையாளம்.

"நூறு வருஷத்துக்கு மேல் ஆன பொருள்" என்றார் கடைக்காரர். "ஆனால் நானூறு வருஷப் பழசு போலத் தெரிவதற்காகச் செய்தது."

உண்மைதான். முதல் உலகப்போருக்கு முன், கைசர் ஆண்ட காலத்தில், இங்கே பலருக்குத் திடீரென்று பணம் வந்தது. பணம் வந்தவர்களுக்கு முன்னோர்கள் தேவைப்பட்டார்கள். குளிர்காயும் அடுப்புகளில் பதித்த பழைய காலத்து மண் ஓடுகளையும் ஜாடிகளையும் பார்த்து அதே மாதிரி அச்சு செய்து, பளபளப்பு ஏற்றி, சாப்பாட்டு அறையில் வரிசையாக அடுக்கினார்கள். புதுப் பங்களாவின் முன்னால் சிமென்ட்டில் வார்த்த செட்டிநாட்டுத் தூணை நிறுத்தும் நம்மவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

படம் எடுத்து ரெனாட்டவுக்கு அனுப்பினேன். என் மகள் கயலின் மாமியார். கடை கட்டும் வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று கடைக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ரெனாட்டவின் பதில் வருவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2

என் தங்கை செல்வி அரியலூருக்கு வெளியே, பெரம்பலூர் போகும் ரோட்டில் வீடு கட்டினாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் சொந்தப் பட்டாவில் வீடு கட்டியவர் யாருமில்லை. எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். ஆகவே அது வெறும் வீடு இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அதுதான் அவளுடைய பயமும்.

நிலைக்கதவு வைக்க நான் மட்டும் புறப்பட்டபோது ரெனாட்ட ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே கம்பளித்துணியில் சுற்றிய அந்த ஒட்டுப்போட்ட ஜாடி. கயலின் கல்யாணத்துக்கு முன்பே அதை அவர் வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். போர் முடிந்த பிறகு அவருடைய அம்மா சொந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. வீடு, தோட்டம், சாப்பாட்டு அறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குழந்தை வண்டியில் கொஞ்சம் துணியும் அந்த ஜாடியும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் கைப்பிடி உடைந்தது. பிறகு ஒட்டினார்கள்.

"எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து வாடகை வீடுதான்" என்றார் ரெனாட்ட. "இது ஒரு சொந்த வீட்டிலிருந்து வெளியே வந்தது. மறுபடியும் ஒரு சொந்த வீட்டுக்குள் போகட்டும். உங்கள் தங்கைக்குக் கொடுங்கள்."

ஜெர்மனியில் படித்த குடும்பங்கள்கூட வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடிப்பதை நான் நம்மவர்களுக்கு எத்தனை முறை விளக்கினாலும் ஏதோ ஏமாற்றிவிட்டேன் என்றுதான் பார்ப்பார்கள்.

மதிப்பு, வயது, பரிசுப்பொருள் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் இரண்டு மொழிகளில் எழுதி, நகல்களோடு விமானம் ஏறினேன். இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி என் தாள்களைத் தொடவே இல்லை. ஜாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஐயனார் ஃபாரின் போயிட்டு வராரா?"

"பதினாறாம் நூற்றாண்டு பாணியில் செய்யப்பட்ட மண்பாண்டம். மதிப்பு விவரம் இதில்..."

"உள்ள ஒண்ணும் இல்லல்ல? போங்க சார்."

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்காகத் தயாரித்த ஆவணத்தை யாரும் படிக்கவில்லை. செல்வியிடம் கொடுத்து, "சம்பந்தியம்மா வீட்டுப் பொருள். பத்திரம். வீட்டில் நல்ல இடமாகப் பார்த்து வை" என்று சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பினேன். அவள் ஜாடியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "என்னா முழி முழிக்கிறாரு!" என்றாள். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

சில மாதம் கழித்து கிரகப்பிரவேசத்துக்கு நானும் கயலும் ரெனாட்டவும் போனோம். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து காரில் நெடுஞ்சாலை வழியாக வந்து, பெரம்பலூரில் திரும்பினோம். சிமென்ட் லாரிகளுக்கு நடுவில் கார் மெதுவாக ஊர்ந்தது. ரெனாட்ட தூங்கிக்கொண்டிருந்தார். அதை இன்றுவரை என் அதிர்ஷ்டத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

செல்வியின் வீடு தெரிந்தது. இரண்டு தளம், வெள்ளைச் சுண்ணாம்பு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ரோட்டுப் பக்கம் நீட்டிய ஒரு சவுக்குக் கம்பம். கம்பத்தில் கட்டுக்கம்பியால், அந்த ஒட்டுப்போட்ட கைப்பிடி வழியாகக் கட்டி, தெருவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது ஜாடி. நெற்றியில் குங்குமம். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. தாடிக்கு மேலே, காதுவரை முறுக்கிய கரி மீசை. கழுத்தில் காய்ந்த எலுமிச்சை மாலை. காற்றில் மெதுவாக ஆடியது.

என் தங்கை அதைத் திருஷ்டி பொம்மையாக மாட்டியிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் அவள்மேல் குற்றமில்லை. கட்டும் வீட்டுக்கு ஒரு முகம் வருகிறது. பச்சை நிறம், முழித்த கண், தாடி. இதை எங்கே மாட்டுவது என்று நம்மூரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடல் கடந்து வந்த சம்பந்தி எவ்வளவு பொருத்தமாகக் கொடுத்திருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டிரைவர், நிறுத்தாதீங்க. திரும்பி பெரம்பலூர் போங்க" என்றேன்.

"ஏன் சார், வந்தாச்சே?"

"லாட்ஜுக்குப் போங்க."

கயல் என்னையும் மேலேயும் பார்த்தாள்.  

4

ரெனாட்டவையும் கயலையும் பெரம்பலூர் லாட்ஜில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தனியாகத் தங்கையிடம் வந்தேன். ஜாடியை உடனே இறக்கி, கழுவி, உள்ளே வை என்றேன்.

"எறக்குறதா? இப்பவா?" என்றாள். "எறக்குனா ஒடைக்கணும்ண்ணே. கிரகப்பிரவேசத்தன்னிக்குக் காலையில, பூசணிக்கா ஒடைக்கையில, இதையும் எறக்கி முச்சந்தியில போட்டு ஒடைச்சிடுவோம். அத்தன பேரு கண்ணையும் வாங்கி வச்சிருக்கு. வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது."

அவள் கணவர் கலியபெருமாள் தலையாட்டினார். "ஊர்க் கண்ணு பூரா அதுலதான் மச்சான் இருக்கு."

ஆக, நிலைமை இதுதான். உள்ளே வைப்பதற்காகக் கொடுத்த பொருள் உள்ளே வரக்கூடாது. கொடுத்தவர் ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார். நாளை மறுநாள் அவர் கண் முன்னாலேயே அது முச்சந்தியில் தூளாகப் போகிறது.

இது எங்கிருந்து வந்த பொருள் தெரியுமா என்று தங்கையிடம் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். வீட்டை இழந்து ஓடிவந்த குடும்பத்தின் பொருள், அதுவும் கிரகப்பிரவேசம் நடக்கப்போகும் வீட்டில்! சொன்னால் நாளை மறுநாள் வரைகூடக் காத்திருக்க மாட்டாள்.

எந்த நடைமுறைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, மேலதிகாரியைப் பிடிக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. புரோகிதருக்கு போன் போட்டேன்.

"அது உங்க வீட்டு வழக்கம் சார். என் வேலை ஹோமத்தோட சரி."

அதிகார எல்லைக்கு உட்பட்டதல்ல என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் ஆளை ஜெர்மன் அலுவலகங்களில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்து மேஸ்திரி சின்னதுரை. தனியே அழைத்து, அதைச் சத்தமில்லாமல் கழற்றிக் கொடுங்கள், பெரம்பலூரில் ஒரு நல்ல திருஷ்டி முகம் வாங்கி அங்கே மாட்டிவிடலாம் என்றேன்.

"நான் எறக்குனா நான்தான் சார் ஒடைக்கணும். ஒடைக்காம வுட்டா எம்மேல வந்து ஒக்காரும்."

"நான் இறக்குகிறேன்."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். "நீங்க எறக்குனா ரெண்டு ஒடையும் சார்" என்றார்.

மறுநாள் காலை ரெனாட்டவைக் காரை என்ற ஊர்ப் பக்கம் கூட்டிப்போய், செம்மண் சரிவுகளில் கடல் சங்குகள் கல்லாகிக் கிடப்பதைக் காட்டினேன். ஒரு காலத்தில் இந்த மாவட்டம் கடலுக்கடியில் இருந்தது என்றேன். அவர் சந்தோஷமாக மணலில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று சொன்னேன். கீழே வைத்துவிட்டார். அப்படியே நிமிர்ந்து கேட்டார்:

"என் ஜாடியை எங்கே வைத்திருக்கிறார்கள்?"

"எல்லோரும் பார்க்கும்படியான இடத்தில்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

5

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் பந்தக்கால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கயலும் ரெனாட்டவும் இறங்கினார்கள். லாட்ஜில் போரடித்ததாம், பஸ் ஏறி வந்து ஆட்டோ பிடித்தார்களாம். யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்வது கயலுக்கு ஜெர்மனியில் பிறந்ததால் வந்ததல்ல. என் மனைவி வழியில் வந்தது.

ரெனாட்ட நிமிர்ந்தார். வாசலில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மீசை வரைந்திருக்கிறார்கள்" என்றார் கடைசியில்.

செல்வி கைகூப்பிக்கொண்டே ஓடிவந்தாள். "வாங்க சம்பந்தியம்மா! அண்ணே, நல்லாயிருக்கான்னு கேளு. மீச நானே போட்டது."

"மீசை அவளே வரைந்ததாம்" என்றேன் ஜெர்மனில்.

"ஏன் அவ்வளவு உயரத்தில்?"

"அது மரியாதைக்குரிய இடம்."

"அப்பா" என்றாள் கயல். "அது உண்மை இல்லை." தன் மாமியாரிடம் திரும்பி, மற்றவர்களின் பொறாமைக் கண்ணை அந்த முகம் வாங்கிக்கொள்ளும், வீட்டின்மேல் விழவிடாது என்று விளக்கினாள். சுருக்கமாக, சரியாகச் சொன்னாள்.

ரெனாட்ட யோசித்தார். "அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"வேல செய்யுதாவா? நல்லா கேட்டாங்க போ!" செல்வி மேஸ்திரியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவரக் கேளுங்க. சென்ட்ரிங் பலகையோட மேலேருந்து வுழுந்தாரு. மணல் குமிச்ச எடத்துல போய் வுழுந்தாரு. எழுந்து டீ கேட்டாரு. அன்னிக்குக் காலையிலதான் இத மாட்டுனோம்."

"டீ கேட்டது நெசம்ங்க" என்றார் சின்னதுரை.

மொழிபெயர்த்தேன். ரெனாட்ட மேஸ்திரியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். மேஸ்திரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. நாளைக்குக் காலையில எறக்கிடுவோம்" என்றவர், இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அடித்துக் காட்டினார்.

அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

"உடைப்பார்களா?" ரெனாட்ட என்னைக் கேட்டார்.

"வழக்கம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை."

அவர் பந்தல் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல், தன் அம்மா அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத ஒன்றையும் சொன்னார். வண்டியில் இடம் பற்றாமல் அவர் அம்மா ஒரு மூட்டைத் துணியை வழியில் வீசியிருக்கிறார். ஜாடியை வீசவில்லை. குளிர்காலத்தில் அந்தத் துணிக்காகப் பிறகு அழுதிருக்கிறார்.

"என்னா சொல்றாங்க?" என்றாள் செல்வி.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கலியபெருமாள், மேஸ்திரி, பந்தல்காரர்.

"அவங்க அம்மா ஞாபகமாம்" என்றேன்.

"அவ்வளவு நேரம் பேசுனாங்களேண்ணே?"

"ஜெர்மன் நீளமான பாஷை."

கயல் முன்னால் வந்தாள். அவளுடைய தமிழ் சமையலறைத் தமிழ். சாப்பாடு போடவும், வேண்டாமென்று சொல்லவும் போதும். அதைப் பற்றிப் பல வருஷங்களாக நான் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறேன். அந்தத் தமிழில் அவள் அத்தையிடம் சொன்னாள்.

"அத்தை, அவங்க அம்மா வீடு போச்சு. போலீஸ் வந்து, போன்னு சொன்னாங்க. எல்லாம் விட்டாங்க. துணிகூட தூக்கிப் போட்டாங்க. இது மட்டும் வண்டியில தள்ளிட்டு வந்தாங்க. அப்புறம் அவங்களுக்கு சொந்த வீடு இல்ல. எப்பவும் வாடகை. அதான் உங்க வீட்டுக்குள்ள வைக்கக் குடுத்தாங்க. உள்ள."

பந்தல்காரர் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார். 

"வூடு எழந்த எடத்துச் சாமானா?" என்றார் கலியபெருமாள் தாழ்ந்த குரலில். "மேஸ்திரி, ஏணியக் கொண்டாங்க. நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே முடிச்சிடுவோம்."

சின்னதுரை ஏணியைத் தூக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். "இதற்கு நான் சுங்கத்தில் உறுதிமொழி கொடுத்திருக்கிறேன்" என்றேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

"அத வைங்க கீழ" என்றாள் செல்வி.

ஏணியைச் சொன்னாள்.

அவள் ரெனாட்டவின் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். கயலிடம் கேட்டாள். "அந்த வூட்ட யாரும்மா எடுத்துக்கிட்டா?"

கயல் கேட்டுச் சொன்னாள். "வேற ஆளுங்க அத்தை. அவங்களையும் வேற எடத்துலேருந்து தொரத்திட்டாங்களாம்."

"அப்ப அவங்களத் திட்டவும் முடியாது." செல்வி மேலே நிமிர்ந்து பார்த்தாள். "வூடே போயி, ஊரே போயி, இது ஒடையாம வந்துருக்கு. இத நான் ஒடைக்கிறதா?"

"கைப்பிடி ஒடைஞ்சிருக்கேடி" என்றார் கலியபெருமாள்.

"கைதான போச்சு. மூஞ்சி போகலல்ல?"

"எறக்குனா ஒடைக்கணும்னு நீதான் சொன்ன."

"ஆமாம், சொன்னேன். எறக்குனாத்தான ஒடைக்கணும்? எறக்கவே வேணாம்."

ஒரு விதியைத் துளியும் மீறாமல் அதிலிருந்து வெளியே வரும் வழி அது. இரண்டு நாளாக நான் தேடியதும் அதைத்தான்.

கயல் அதை ஜெர்மனில் சொன்னதும் ரெனாட்ட எழுந்தார். பூசாத படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாங்கள் பின்னால் ஏறினோம். அவர் சுவருக்கு வெளியே கைநீட்டி ஜாடியைத் தொட்டார். கரி விரலில் ஒட்டியது. கம்பியை ஆட்டிப் பார்த்து, "இந்தக் கைப்பிடி தாங்காது. விழும்" என்றார். சொன்னேன்.

"கம்பி எதுக்கு? கைப்பிடிச் சுவர்லயே மாடம் வச்சு உள்ள பதிச்சிடுறேன்" என்றார் சின்னதுரை. "சிமென்ட்டுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

வெளிச்சம் போவதற்குள் கலவை தயாரானது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, கம்பத்திலிருந்து பக்கவாட்டில் நகர்த்தினார்கள். தப்பித்தவறிக்கூட அரை அங்குலம் கீழே போகக் கூடாது என்று செல்வி அதட்டிக்கொண்டே நின்றாள். "மேல! மேல தூக்கு! எறக்குன, கொன்னுடுவேன்!" முதல் கரண்டிக் கலவையைச் சம்பந்தியம்மா கையால் போட வேண்டும் என்றாள். ரெனாட்ட போட்டார். மேஸ்திரி ஓரத்தை வழித்து விட்டார். ஒட்டுப்போட்ட கைப்பிடி சுவருக்குள் போய் மறைந்தது. முகம் மட்டும் தெருவைப் பார்த்தது.

"இப்போது இது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?" என்று ரெனாட்ட என்னைக் கேட்டார்.

செல்வியிடம் கேட்டேன். "வூட்டுச் செவுத்துல இருக்கு. அப்புறம் என்னா கேள்வி?" என்றாள்.

மீசையை அழிக்கட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று ரெனாட்ட தானே கையை ஆட்டினார்.

மறுநாள் காலை முச்சந்தியில் பூசணிக்காய் மட்டும் உடைந்தது.

6

இப்போது வெள்ளிக்கிழமைகளில் செல்வியிடமிருந்து படம் வருகிறது. ஒருமுறை ஜாடிக்குச் செவ்வந்தி மாலை. ஒருமுறை மழைக்குப் பாலிதீன் பை, கண் மட்டும் தெரியும்படி வெட்டி. பெரம்பலூர் பஸ்காரர்கள் அந்த இடத்தை "பச்சத் தாடி வூடு" என்று சொல்லி இறக்கிவிடுகிறார்களாம். படங்களைக் கயல்தான் தன் மாமியாருக்கு விளக்குகிறாள். நான் இடையில் இல்லை. கயல் எனக்கு அனுப்பும் தமிழ்ப் பதில்களில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவதையும் இப்போது விட்டுவிட்டேன்.

கடைக்காரர் மேசையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜாடியைக் கையில் எடுத்து என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார். இதை வாங்கி ரெனாட்டவின் காலி அலமாரியில் வைத்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றுகிறது. அதே அச்சு, அதே பச்சை, கைப்பிடியும் முழுசாக இருக்கிறது.

ரெனாட்டவின் பதில் இப்போதுதான் வந்தது.

"அழகாக இருக்கிறார். ஆனால் பாவம், இவருக்கு வேலை இல்லை போலிருக்கிறது. வாங்காதீர்கள். நம் குடும்பத்தில் அப்படி ஏற்கனவே ஒருவர் இருக்கிறாரே."